மனுவைப் படிக்கலாம், மனுவுக்குப் பணியலாமா?

“விளையாட்டாவது, கருவியாவது! கூலிக்கும் போனசுக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற தொழிலாளிக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா?” என்று நம் தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும், சுளித்த முகத்தோடு கொஞ்சம் படிக்கட்டும். நாடகத்தையும் சினிமாவையும் கூத்தாடிகளின் வேலை என்று படித்த கூட்டம் ஒதுக்கிவைத்த காலம் ஒன்று இருந்தது. ஒதுக்கியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது நாடறிந்த கதை. இன்று தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கையில் இருப்பது செல்போன். அதில் ஓடுவது விளையாட்டு. அந்த விளையாட்டை எங்கோ ஒருவர் உட்கார்ந்து செய்கிறார். எதைக் கொண்டு செய்கிறார்? அந்தக் கருவி யாருடையது? தறி யாருடையது, பட்டறை யாருடையது என்று கேட்டே பழகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன?

கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்வதற்கும் ஒரு பட்டறை வேண்டும். ‘கேம் எஞ்சின்’ என்று அதற்குப் பெயர். படத்தை நடக்க வைப்பது, பந்தைத் துள்ள வைப்பது, ஒலியை எழுப்புவது, விரல் பட்ட இடத்தை அறிந்துகொள்வது ஆகிய அத்தனையையும் அது பார்த்துக்கொள்ளும். உலகெங்கும் ஏராளமானோர் பயன்படுத்துகிற ஒரு பட்டறை ‘யூனிட்டி’. அதை வைத்திருக்கும் கம்பெனி 2023 செப்டம்பர் 12ஆம் நாள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டு, ஒவ்வொரு முறை ஒருவருடைய கருவியில் நிறுவப்படும்போதும், அதைச் செய்தவர் கம்பெனிக்குக் கப்பம் கட்டவேண்டும். 20 சென்ட் வரையில் என்று கணக்கு! புதிதாகச் செய்யப்போகிற விளையாட்டுக்கு மட்டுமா? இல்லை. முன்பே செய்து விற்றுக்கொண்டிருப்பதற்கும் சேர்த்து!

“சிறியவர்களுக்கு இது பொருந்தாதே, இரண்டு லட்சம் டாலர் வருமானமும் இரண்டு லட்சம் நிறுவலும் தாண்டியவர்களுக்குத்தானே” என்று கம்பெனி சமாதானம் சொன்னது. ஒப்புக்கொள்வோம். ஆனால், ஒப்பந்தத்தின் விதியை நடுவழியில் மாற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது? இன்று இரண்டு லட்சம் என்று கோடு கிழித்த கை நாளை இருபதாயிரம் என்று கிழித்தால் யார் கேட்பது? விளையாட்டுச் செய்வோர் கொதித்தெழுந்தனர். பத்து நாளில் கம்பெனி சற்று இறங்கிவந்தது. அடுத்த மாதமே தலைமை அதிகாரி விலகினார். சரியாக ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12ஆம் நாள், அந்தக் கட்டணமே கைவிடப்பட்டது. சங்கம் இல்லாமல், கொடி இல்லாமல், சிதறிக்கிடந்தவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்துப் பெற்ற வெற்றி அது. நாம் பாராட்டுகிறோம்.

ஆனால், அந்த ஓராண்டுக்குள் பலர் இன்னொரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ‘கோடோ’ என்ற பட்டறை திறந்து கிடந்தது. அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த யுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் தங்கள் வேலைக்காகச் செய்து வைத்திருந்த கருவி அது. 2014 பிப்ரவரியில் அதன் மூலநிரல் முழுவதையும் ஊருக்குப் பொதுவாக்கிவிட்டார்கள். யாரும் எடுக்கலாம்; மாற்றலாம்; அதைக்கொண்டு செய்த விளையாட்டை விற்கலாம். கப்பம் கிடையாது, கணக்குக் காட்டவேண்டியதில்லை. எம்.ஐ.டி. உரிமம் என்று அதற்குப் பெயர். செய்தவர்களின் உரிமைக் குறிப்பை நீக்காமல் கூடவே வைத்திருக்கவேண்டும் என்பதுதான் அது கேட்கும் கைம்மாறு. பெக்கெட் எழுதிய நாடகத்தில் கடைசி வரையில் வராமலே போகும் பாத்திரத்தின் பெயர் கோடோ. பெயர்தான் அப்படி, கருவி வந்துவிட்டது!

இன்னொரு கதையும் நம் தோழர்கள் அறியவேண்டியது. படமும் உருவமும் வரைந்து அசைக்கும் ‘பிளெண்டர்’ என்ற கருவியை வைத்திருந்த கம்பெனி 2002இல் மூடப்பட்டது. முதலீடு செய்தவர்கள் மூலநிரலை விட ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். டோன் ரோசெண்டால் என்ற அதன் கர்த்தா உலகெங்கும் இருந்த பயனர்களிடம் துண்டேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் பிளெண்டர் பொதுச் சொத்தாயிற்று. மூடிய ஆலையைத் தொழிலாளர்களே காசு போட்டு வாங்கி, வாசலில் பூட்டே வேண்டாம் என்று தீர்மானித்தால் எப்படியிருக்கும்? அப்படி! அந்தக் கருவியைக் கொண்டு லாட்வியா நாட்டார் செய்த ‘ஃப்ளோ’ என்ற படம் 2025இல் ஆஸ்கர் பரிசு பெற்றது.

நம் நாட்டிலும் இந்த வழி தெரியாததல்ல. சென்னையில் உள்ள சி-டாக் நிலையம் ‘பாஸ்’ என்ற திறந்த மூல இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் அது ஏற்றித் தரப்பட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போனது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

இனி, மலைக்குப் போவோம். திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் ஒன்றியத்தில், பழனியிலிருந்து ஏறும் மலைப்பாதைப் பக்கம் இருக்கிறது வடகவுஞ்சி. காப்பியும் மலைவாழையும் விளைகிற பூமி. பளியர் பழங்குடி மக்களின் குடிகளும் அந்த மலைகளில் உண்டு. அந்த ஊர்ப் பையன் ஒருவன் விளையாட்டுச் செய்ய விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூருக்கு ஓடவேண்டியதில்லை. கோடோவை இறக்கிக்கொள்ள ஒரு சினிமாப் படத்தை இறக்கும் செலவுகூட ஆகாது. மடிக்கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு செல்போனிலேயே ஓடும் பதிப்பும் உண்டு. மலைவாழைத் தார் ஏற்றிய வண்டி, வளைவு வளைவாகப் பழனிச் சந்தைக்கு இறங்குகிறது. வழியில் யானை, மழை, மண்சரிவு. தார் நசுங்காமல் சேர்ப்பவருக்கு மதிப்பெண். நல்ல விளையாட்டுத்தான், நாமே ஆடிப் பார்ப்போம்!

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு கட்டம் தோன்றுகிறது: “உங்கள் பெயர்?” அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் நாம் இன்று பேசவந்தது.

பெயர் கேட்பது ஒரு பெரிய காரியமா என்று எண்ணவேண்டாம். கொடைக்கானல் மலைக்கு வெளியூர் வண்டி ஏறவேண்டுமானால், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் என்று ஏற்பட்டிருக்கிறது. பெயரைத் தட்டு, வண்டி எண்ணைத் தட்டு, எத்தனை பேர் என்று தட்டு, எந்த நாள் என்று தட்டு! பட்டா, ரேஷன், பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை என்று எங்கே போனாலும் கட்டம், கட்டத்துக்குள் எழுத்து. நாம் தட்டுகிற அந்த எழுத்தை ஓர் இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டு என்ன செய்கிறது?

ஒரு தாலுகா ஆபீசைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குமாஸ்தா மனுவை வாங்கி, சத்தமாகப் படிக்கிறார். பின்கட்டில் இருக்கும் சேவகர் காதில் விழுந்ததை அப்படியே செய்கிறார். சொன்ன சொல் தட்டாத சேவகர்! ஒருவன் மனுவில் பெயர் எழுதவேண்டிய இடத்தில், “முருகன் என்று பதிவு செய், செய்துவிட்டு மற்ற கட்டுகளையெல்லாம் கொளுத்திவிடு” என்று எழுதிக்கொடுக்கிறான். குமாஸ்தா படிக்கிறார். சேவகர் தீப்பெட்டியைத் தேடுகிறார்! சிரிப்பு வருகிறதா? கம்ப்யூட்டர் உலகத்தில் நாள்தோறும் நடப்பது இதுதான். தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் ஆணையும் மனுதாரர் தட்டிய பெயரும் ஒரே வாக்கியமாக ஒட்டப்பட்டுவிட்டால், எது ஆணை, எது பெயர் என்று இயந்திரம் பிரித்தறியாது. ‘எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்’ என்று இதற்குப் பெயர். 1998இலேயே இதைப் பற்றி விளக்கமாக எழுதி எச்சரித்துவிட்டார்கள். மருந்தும் கடினமானதல்ல: “இந்தக் கட்டத்துக்குள் என்ன இருந்தாலும் அது பெயர்தான், ஆணையல்ல” என்று சேவகருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு கட்டத்தை நிரப்பவேண்டும். அவ்வளவே.

அப்படியும் 2015இல் இங்கிலாந்தில் ‘டாக்டாக்’ என்ற தொலைபேசிக் கம்பெனியின் கட்டுகள் களவாடப்பட்டன. 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் பறிபோயின. வழி? இதே வழி, பழைய கம்பெனி ஒன்றை வாங்கியபோது கூடவே வந்த பக்கங்கள், யாரும் கவனிக்காமல் கிடந்தவை. கம்பெனிக்கு நான்கு லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். பிடிபட்டவர்களில் பள்ளி வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள்! பதினேழு ஆண்டுக்கு முன்பே பத்திரிகையில் வந்த பூட்டுடைப்பு வித்தையை, கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் கம்பெனி கதவில் ஒரு சிறுவன் செய்துகாட்ட முடிந்ததென்றால், வெட்கப்படவேண்டியவர்கள் யார்?

விளையாட்டு உலகத்தில் நடந்தது இதைவிடப் பெரிது. ‘மைன்கிராஃப்ட்’ என்று ஒரு விளையாட்டு; கட்டம் கட்டமாய்க் கல்லை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு; உலகெங்கும் பிள்ளைகள் ஆடுவது. பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள அரட்டைக் கட்டம் உண்டு. 2021 டிசம்பரில், அந்தக் கட்டத்தில் ஒரு வரியைத் தட்டினால் போதும், விளையாட்டை நடத்தும் சர்வர் தட்டியவரின் அடிமையாகிவிடும் என்பது வெளியாயிற்று. எப்படி? சர்வர், யார் என்ன பேசினார்கள் என்று நாட்குறிப்பு எழுதிவைக்கும். எழுதுவதற்கு ‘லாக்4ஜே’ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தியது. அந்தக் கருவியில் 2013இல் ஒரு வசதியைச் சேர்த்திருந்தார்கள்: எழுதவந்த வரியில் டாலர் குறியும் வளைவு அடைப்பும் கொண்ட ஒரு குறிப்பு இருந்தால், அது சொல்லும் முகவரிக்குப் போய், அங்கே இருப்பதை வாங்கிவரும். வாங்கிவந்தது நிரலாக இருந்தால் அதை ஓட்டியும்விடும்! நாட்குறிப்பு எழுதுகிற கணக்குப்பிள்ளை, எழுதுகிற வரியிலேயே உத்தரவைக் கண்டு, பேனாவை வைத்துவிட்டு ஓடினால் அந்த ஆபீஸ் உருப்படுமா?

எட்டு ஆண்டுகள் அந்த ஓட்டை அங்கேயே இருந்தது. 2021 நவம்பர் 24ஆம் நாள் அலிபாபா கம்பெனியின் பாதுகாப்புக் குழுவினர் கண்டு சொன்னார்கள். ஆபத்தின் அளவை மதிப்பிடும் கணக்கில் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டது. விளையாட்டோடு நின்றதா? பெரிய பெரிய கம்பெனிகள், சர்க்கார்கள் எல்லாவற்றின் உள்ளேயும் அதே கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். இங்கே நம் வாசகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் கருவியைப் பராமரித்தவர்கள் யார்? பகலில் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் கூலியில்லாமல் அதைக் கவனித்துவந்த ஒரு சில தொண்டர்கள். உலக முதலாளிகள் அத்தனை பேரும் அவர்கள் உழைப்பின்மேல் மாடமாளிகை கட்டிக்கொண்டார்கள். மாளிகை ஆடியபோது, டிசம்பர் மாதம் முழுவதும் கண்விழித்து, நான்கு முறை திருத்திய பதிப்பை வெளியிட்டவர்களும் அந்தத் தொண்டர்களே. திறந்த மூலம் என்றால் இலவசம் என்று மட்டும் புரிந்துகொண்டவர்கள் இந்த நான்கு பதிப்புகளையும் நினைத்துப் பார்க்கட்டும். “திறந்து வைத்ததால்தானே ஓட்டை?” என்று சிலர் கேட்பார்கள். டாக்டாக் கம்பெனியின் பக்கங்கள் திறந்தா கிடந்தன?

சரி, வடகவுஞ்சிப் பையனின் வண்டி விளையாட்டுக்கு வருவோம். கோடோவில் எழுத்தை அழகாகக் காட்ட ஒரு வசதி உண்டு. சதுர அடைப்புக்குள் ஒரு குறியைப் போட்டால் எழுத்து தடிக்கும், நிறம் மாறும், படம் வரும், தொட்டால் வேறிடத்துக்கு இட்டுச்செல்லும் இணைப்பும் வரும். நல்லது. அரட்டைக் கட்டத்தில் பிறர் தட்டுவதையும் அதே வசதியில் அப்படியே காட்டினால்? ஒருவன் சதுர அடைப்பைப் போட்டு, “இலவச ரீசார்ஜுக்கு இங்கே தொடுக” என்று ஓர் இணைப்பையே உண்டாக்கிவிடுவான். தொட்ட பிள்ளையின் அப்பாவுடைய வங்கிக் கணக்கு காலி! கோடோவின் கையேடே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. திருத்தம் ஒரே வரி: பிறர் தட்டிய எழுத்தில் சதுர அடைப்பு எங்கெல்லாம் திறக்கிறதோ, அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு, “இது வெறும் அடைப்பு” என்று பொருள்படும் குறியை வைத்துவிடவேண்டும். அடைப்பு அடைப்பாகவே திரையில் தெரியும், ஆணையாகாது. தட்டியவரின் சொல்லை நாம் அழிக்கவில்லை, சிதைக்கவில்லை, தணிக்கை செய்யவுமில்லை. அவர் சொன்னது அவர் சொல்லாகவே நிற்கிறது. அதிகாரம் மட்டும் அதற்குக் கிடையாது.

பாதியில் விட்ட ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் கோப்பு இன்னொரு வாசல். சோம்பலுக்காகக் கோடோவின் சொந்த வடிவத்திலேயே அதைச் சேமித்துவிடுகிறார்கள் பலர். அந்த வடிவத்துக்குள் எண்ணும் பெயரும் மட்டுமல்ல, நிரலும் ஒளிந்திருக்க இடமுண்டு. “என் கோப்பை எடுத்துக்கொள், கடைசிக் கட்டம் வரை முடித்து வைத்திருக்கிறேன்” என்று யாரோ கொடுத்ததைத் திறந்தால், உள்ளே இருந்த நிரல் எழுந்து நடக்கத் தொடங்கும். எண்ணும் எழுத்தும் தவிர வேறெதையும் சுமக்கமுடியாத ‘ஜேசான்’ போன்ற எளிய வடிவத்தில் சேமித்து, திறக்கும்போது ஒவ்வொன்றையும் சோதிப்பதே முறை. தார் எத்தனை? எண்தானா? வண்டியில் ஏறக்கூடிய அளவுதானா? பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையே? மில் வாசலில் நிறுவைக்காரர் கேட்கிற கேள்விகள்தாம் இவை.

2024 நவம்பரில் செக் பாயிண்ட் என்ற ஆய்வுக் குழுவினர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கோடோவின் பொதிகளுக்குள் கெட்ட நிரலை வைத்து, திருட்டு மென்பொருள் என்று ஆசைகாட்டி, அவ்வாண்டு ஜூன் முதல் 17,000க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைக் கெடுத்திருந்தார்கள். கோடோவில் ஓட்டை இருந்ததா? இல்லை, எந்த மொழியிலும் எவரும் கெட்ட நிரல் எழுதலாம். அரிவாளால் கதிரும் அறுக்கலாம் என்பது உழவருக்கு நாம் சொல்லித்தரவேண்டியதல்ல. ஊர்பேர் தெரியாத பொதியை வாங்கி ஓட்டாதே என்பதுதான் விஷயம்.

இதுவரை, கதவை அகலத் திறந்துவைத்த முட்டாள்தனத்தைப் பார்த்தோம். இனி மறுபக்கம். நமக்கு ஆத்திரமூட்டுவது இந்த மறுபக்கம்தான்.

“ஆபத்தா? அப்படியானால் ஆங்கில எழுத்து இருபத்தாறைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதே!” என்று கதவைச் சாத்துகிறார்கள். பாதுகாப்பாம்! முருகேசன் என்று தமிழில் தட்டினால், “செல்லாத பெயர்” என்று சிவப்பெழுத்தில் வருகிறது. இன்ஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் செல்லாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. சாதிப் பட்டத்தை உதறிவிட்டு, அப்பன் பெயரின் முதலெழுத்தோடு தலைநிமிர்ந்து நிற்கிற தமிழன் எதைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் போடுவான்? 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை ஐக்கிய அரபு நாடுகளுக்குள் விடமாட்டோம் என்ற அறிவிப்பு வந்தபோது, டிக்கெட் எடுத்த எத்தனை தமிழர்கள் கதிகலங்கினார்கள்! இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து, மனிதனுக்கு இரண்டு பெயர் இருந்தே தீரவேண்டும் என்று நிரலில் எழுதிவிட்டால், அதற்கு நம் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் விமான நிலையத்தில் நின்று பதில் சொல்லவேண்டும்.

ஆங்கிலம்தான் என்று வெளிப்படையாகச் சொல்பவனையாவது எதிர்த்து நிற்கலாம். எல்லா மொழியும் எனக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே உதைப்பவனை என்ன செய்வது? ‘பைத்தான்’ என்று ஒரு கணினி மொழி, நல்ல மொழி, அதுவும் திறந்த மூலம். “இந்தச் சொல்லில் எழுத்துகள் மட்டும்தானா இருக்கின்றன?” என்று கேட்க அதில் ஒரு கட்டளை உண்டு. அதனிடம் ‘தமிழ்’ என்று கொடுத்துக் கேளுங்கள். “இல்லை” என்கிறது! ஏன்? மி என்பதில் உள்ள கொக்கியும், ழ் என்பதன் தலைமேல் உள்ள புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தல்ல, வெறும் குறிகள். ‘கனக’ என்றால் எழுத்து. ‘கனகா’ என்றால் எழுத்தல்ல! புள்ளியும் காலும் கொம்பும் இல்லாமல் தமிழில் எத்தனை பெயரை வைக்கமுடியும்? பைத்தானைச் செய்தவர்கள் தமிழ்ப் பகைவர்கள் அல்லர். அந்தக் கட்டளை எந்தக் கணக்கில் பேசுகிறது என்று அறியாமல் அதைப் பெயர்ச் சோதனைக்குப் பயன்படுத்துகிறவர்கள்தாம் குற்றவாளிகள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

வடகவுஞ்சி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் எத்தனை எழுத்து? வ, ட, க, வு, ஞ், சி, ஆறு. யூனிகோடு கணக்கில் உகரக் குறி தனி, புள்ளி தனி, இகரக் குறி தனி, ஆகவே ஒன்பது. கம்ப்யூட்டரின் நினைவில் இந்த ஒன்பதும் ஒவ்வொன்றுக்கு மூன்று பைட் வீதம் இருபத்தேழு. ஊர் ஒன்று, கணக்கு மூன்று! பெயருக்கு இருபது பைட் போதும் என்று ஆங்கிலக் கண்ணால் பெட்டி செய்தவன், ஊரின் பெயரை நடுவில் வெட்டுவான். ஞ வரையில் முழுதாக நிற்கும், அதன் மேலே இருக்கவேண்டிய புள்ளியின் உடைந்த துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், சி என்ற எழுத்தே இராது. வெட்டாமல் விட்டாலோ, ‘சி’ போன்ற பழைய மொழிகளில், மிச்சம் ஏழு பைட்டும் பக்கத்துப் பெட்டிக்குள் வழிந்து, அங்கே இருந்ததை அழித்துவிடும். அளவு பாராமல் வாங்கிப் போட்ட இந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் 1988 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு நச்சுநிரல் நுழைந்து ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அளவே கேளாமல் வாங்கும் அந்தக் கட்டளையை 2011இல்தான் அந்த மொழியின் விதிநூலிலிருந்து நீக்கினார்கள். இருபத்துமூன்று ஆண்டு!

இன்னொரு சங்கடம். ஒருவர் அதே ஊரை ஔகாரம் போட்டு ‘வடகௌஞ்சி’ என்று தட்டுகிறார். ஔகாரமும் அவ் என்பதும் ஒலியில் ஒன்றே என்பதை நம் இலக்கணக்காரர்கள் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள். பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1978இல் தமிழக அரசு அதில் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னை, லை என்ற வடிவங்களை நாடெங்கும் நிலைநாட்டியது. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதும் பகுதி மட்டும் அரசின் ஏற்பைப் பெறவில்லை. ஆகவே இரு வழக்கும் இன்று உண்டு. மனிதர் இரண்டையும் ஒன்றாகப் படிப்பார். இயந்திரம் இரண்டு ஊர் என்று நினைக்கும். அதோடு போகிறதா? கௌ என்பதையே மூன்று விதமாகத் தட்டலாம். ஔகாரக் குறி ஒன்றாகவே வரலாம். ஒற்றைக் கொம்பும் ஔகாரத்தின் வால் குறியும் தனித்தனியே வரலாம். கொம்பைப் போட்டு, பக்கத்தில் ளகர எழுத்தையே வைத்தும் விடலாம். கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. முதல் இரண்டையும் ஒன்றாக்க யூனிகோடிலேயே விதி உண்டு, ‘நார்மலைசேஷன்’ என்பார்கள். மூன்றாவதை நாமே பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால், விளையாட்டின் மதிப்பெண் பட்டியலில் ஒரே பெயரில் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் வேடமிட்டு அரட்டையில் நுழைவார். இங்கே தமிழை அறிவதே பாதுகாப்பு. இதை அமெரிக்காக்காரன் வந்து செய்துதரமாட்டான்.

செய்துதருவான் என்று நம்புவோருக்கு 2018 பிப்ரவரியை நினைவூட்டுகிறோம். தெலுங்கில் ஓர் எழுத்து. ஒரே ஒரு கூட்டெழுத்து. அது செய்தியாக வந்து விழுந்தால் ஐபோனின் செயலிகள் சுருண்டு விழுந்தன. உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனி செய்த போன், கோடிக்கணக்கான தெலுங்கு மக்களின் ஓர் எழுத்தை வரைய முற்பட்டு மண்டியிட்டது! அவசரமாகத் திருத்தத்தை வெளியிட்டார்கள். அந்த எழுத்தில் ஆணை எதுவும் ஒளிந்திருக்கவில்லை. குழந்தைகள் பள்ளியில் எழுதுகிற எழுத்துதான். அதை முன்கூட்டியே போனில் தட்டிப் பார்க்க அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆள் இல்லாமல் போனது.

கோடோவிலும் ஒரு காலத்தில் தமிழ் தகராறுதான். 4ஆம் பதிப்புக்கு முன்பு, கொ என்பதன் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்காமல் தடுமாறும். படித்தால் தமிழ் போலவே இராது. 2023 மார்ச் 1ஆம் நாள் வெளியான 4.0 பதிப்பில்தான், இந்திய, அரபு எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஏற்பாடு முழுமையாக உள்ளே வந்தது. கண்ணுக்குத் தெரியும் எழுத்து எத்தனை என்று எண்ணுவதற்கும் அதில் வழி உண்டு. ஆறை ஆறு என்றே எண்ணலாம். எப்படி வந்தது இது? நிரல் திறந்து கிடந்தது; தேவைப்பட்டவர்கள் கேட்டார்கள்; தெரிந்தவர்கள் எழுதினார்கள். பூட்டிய பட்டறையாக இருந்தால் நாம் மனுப் போட்டுவிட்டு இன்னும் காத்திருக்கவேண்டும், அந்த நாடகத்தில் வருகிறவர்களைப்போல.

ஊருக்கு ஊர் நம் தோழர்கள் படிப்பகம் வைத்திருக்கிறார்கள். நாளேடு இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, சில இடங்களில் கேரம் பலகையும் இருக்கிறது. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்து, கோடோவை ஏற்றிவிட்டால் என்ன குறைந்துவிடும்? கேரளத்தில் 2018 முதல் பள்ளிப் பிள்ளைகளின் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் திறந்த மூலக் கருவிகளை வைத்துக்கொண்டு அசைபடமும் விளையாட்டும் செய்து பழகுகின்றன. பக்கத்து வீட்டில் முடிவது நம் வீட்டில் முடியாதா?

பிள்ளை ஒரு விளையாட்டைச் செய்துகொண்டு வந்து காட்டினால், தோழர்கள் “பேஷ்” என்று முதுகில் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பெயர்க் கட்டத்தில் விரலை வையுங்கள். ஒன்றும் தட்டாமல் வெறுமையாக அனுப்பிப் பாருங்கள். இன்ஷியலோடு, புள்ளியோடு உங்கள் பெயரைத் தட்டுங்கள். சதுர அடைப்பு, ஒற்றை மேற்கோள், டாலர் குறி என்று வரிசையாகத் தட்டுங்கள். ஒரே எழுத்தை நூறு முறை தட்டுங்கள். வடகவுஞ்சி என்றும் வடகௌஞ்சி என்றும் மாற்றி மாற்றித் தட்டிப் பட்டியலைப் பாருங்கள். எங்கே உடைகிறதோ அந்த வரியைப் பிள்ளையோடு உட்கார்ந்து தேடுங்கள். உங்களுக்கு நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த எழுத்தைத் தட்டியபோது உடைந்தது என்பதை ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுத்தால் அவன் தேடிக்கொள்வான்.